மூன்றாம் தரப்பு நிர்வாகி: ஊழியர் மருத்துவக் காப்பீட்டில் தேர்வு

மூன்றாம் தரப்பு நிர்வாகி என்பது காப்பீட்டு நிறுவனம், மருத்துவமனை, காப்பீடு பெற்றவர் ஆகியோருக்கு நடுவே நின்று மருத்துவச் செலவுக் கோரிக்கைகளை நடத்திக் கொடுக்கும், உரிமம் பெற்ற நிறுவனம். பேச்சில் டி.பி.ஏ. என்பார்கள். அடையாள அட்டை கொடுப்பது, 'கேஷ்லெஸ்' (கையிலிருந்து பணம் கட்டாமல் சிகிச்சை) அனுமதியைக் கவனிப்பது, கையிலிருந்து கட்டிய பில்களைச் சரிபார்ப்பது ஆகியவை இதன் வேலைகள். பணமும் இறுதி முடிவும் காப்பீட்டு நிறுவனத்துடையவை. கோரிக்கையைத் தானாக நிராகரிக்க டி.பி.ஏ.வுக்கு அதிகாரமில்லை.

சட்டப் பின்னணி

இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2001ஆம் ஆண்டு விதிகள் இத்தொழிலுக்கு வடிவம் கொடுத்தன. 2016இல் புதிய விதிகள் வந்தன. குறைந்தபட்சப் பங்கு மூலதனம் 4 கோடி ரூபாய் ஆனது. டி.பி.ஏ. பாலிசி விற்கக் கூடாது. டி.பி.ஏ.வின் சேவைக்கான கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே தருகிறது. நோயாளியிடம் வாங்க முடியாது.

அமெரிக்காவில் பல பெரிய முதலாளிகள் ஊழியரின் சிகிச்சைச் செலவைத் தாங்களே ஏற்று, நிர்வாகத்தை மட்டும் டி.பி.ஏ.விடம் ஒப்படைக்கிறார்கள். இந்தியாவில் முதலாளி ஊழியர்களுக்காக எடுக்கும் குழுக் காப்பீட்டில் செலவை ஏற்பது காப்பீட்டு நிறுவனம். அதனால் முதலாளியின் தேர்வு, அந்நிறுவனம் ஒப்பந்தம் செய்துள்ள பட்டியலுக்குள் அடங்குகிறது. அப்பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைப் பாலிசிதாரருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் கொடுத்தது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் போன்ற காப்பீட்டு நிறுவனங்கள் கோரிக்கைகளைத் தாங்களே கவனிக்கின்றன, அங்கே டி.பி.ஏ. தேர்வுக்கே இடமில்லை.

துடியலூர் வட்டாரத்தில்

கோவையின் வடக்கே மேட்டுப்பாளையம் சாலையில் இருக்கும் துடியலூரைச் சுற்றி லேத் பட்டறைகளும் பம்ப் உதிரிபாகத் தொழிலகங்களும் நிறைய. தொழிலாளருக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டம் தமிழகத்தில் முதலில் வந்த ஊரும் கோவைதான்; ஆண்டு 1955. இ.எஸ்.ஐ.யில் சேர்வதற்கான சம்பள வரம்பு 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். சம்பள உயர்வில் அந்த வரம்பைத் தாண்டும் மேற்பார்வையாளரும் கணக்காளரும் சில மாதங்களில் இ.எஸ்.ஐ.க்கு வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்காகவே சிறு நிறுவனங்கள் குழுக் காப்பீட்டைத் தேடுகின்றன.

அரசு ஊழியருக்கு நிலைமை வேறு. 2021 ஜூலையில் தொடங்கிய தமிழக அரசின் ஊழியர் காப்பீட்டுத் திட்டத்தை யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனம் ஏற்றது. அங்கே நிறுவனத்தை அரசே முடிவு செய்கிறது, துடியலூருக்குப் பக்கத்து என்.ஜி.ஜி.ஓ. காலனியில் குடியிருக்கும் அரசு ஊழியர் டி.பி.ஏ.வைத் தேர்ந்தெடுப்பதில்லை.

தேர்வில் பார்க்க வேண்டியவை

மருத்துவமனைப் பட்டியலின் நீளத்தை விட, ஊழியர்கள் உண்மையில் போகும் மருத்துவமனைகள் அதில் உள்ளனவா என்பதே முதல் கேள்வி. மேட்டுப்பாளையம் சாலையில் பிரசவத்துக்கும் எலும்பு முறிவுக்கும் போகும் இடங்களின் பெயரை எழுதிக்கொண்டு, அந்தந்த மருத்துவமனை இன்சூரன்ஸ் மேசையில் நேரே கேட்பது நல்லது. எந்த டி.பி.ஏ. இரவில் போனை எடுக்கிறது, எது கேள்விக்கு மேல் கேள்வி அனுப்புகிறது என்பது அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும்.

இரண்டாவது, வேகம். 2024 மே 29 தேதியிட்ட ஆணையச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் பில்லுக்கு மூன்று மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது காப்பீட்டு நிறுவனத்தின் தலையில் விழும். டி.பி.ஏ. இந்தக் கெடுவை எவ்வளவு காப்பாற்றுகிறது என்ற கணக்கை எழுத்தில் கேட்கலாம்.

மூன்றாவது, மாதாந்திரக் கோரிக்கை அறிக்கை. அடுத்த ஆண்டுப் பிரீமியம் இந்த ஆண்டுக் கோரிக்கைகளை வைத்தே பேசப்படுகிறது. கையில் கணக்கு இல்லாத முதலாளியால் பேரம் பேச முடியாது. புதிதாகச் சேர்ந்தவரையும் புதிதாகப் பிறந்த குழந்தையையும் பட்டியலில் சேர்க்க எத்தனை நாள் ஆகும், தமிழில் பேசும் தொடர்பாளர் உண்டா என்பவையும் கேட்க வேண்டியவை.

பாலிசியின் குறை

'டி.பி.ஏ. வெட்டிவிட்டான்' என்ற புலம்பலில் பாதி, பாலிசி விதியால் வருவது. காப்பீட்டுத் தொகை 3 லட்சம், அறை வாடகை வரம்பு அதில் 1 சதவீதம் என்றால் நாளுக்கு 3,000 ரூபாய். ஊழியர் 5,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கினால் வாடகையில் 10,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகும். அத்தோடு நிற்காது: பாலிசியில் விகிதாசாரக் கழிவு விதி இருந்தால் மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் போன்றவற்றிலும் அதே விகிதத்தில், அதாவது 60 சதவீதமே கிடைக்கும். அவை ஒரு லட்சம் என்றால் மேலும் 40,000 ரூபாய் போயிற்று. மருந்து, உள்வைப்புக் கருவி, பரிசோதனைச் செலவுகளில் இந்தக் கழிவு கூடாது. எவ்வளவு நல்ல டி.பி.ஏ.வாலும் இந்த விதியை மாற்ற முடியாது. பாலிசி வாங்கும்போதே வரம்பை நீக்கக் கேட்க வேண்டும்.

முறையீடு

புகாரை முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலரிடம் எழுத்தில் தர வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை (ஆம்பட்ஸ்மேன்) அணுகலாம். குழுக் காப்பீட்டில் உள்ள ஊழியருக்கும் இவ்வுரிமை உண்டு, கட்டணமும் கிடையாது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது.