வாய் மூடிய கலங்களின் குரல்

பானை என்றால் வாய் திறந்திருக்க வேண்டும். நீர் மொள்ளவும் தானியம் கொட்டவும் சோறு அள்ளவும் வாய்தான் வழி. அதை மூடிவிட்டால் பானை வீட்டு வேலை எதற்கும் உதவாது. அமெரிக்கக் கலைஞர் தோஷிகோ தகாய்சு 1950களின் பிற்பகுதியில் அதைத்தான் செய்யத் தொடங்கினார். கலத்தின் கழுத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டே போய், உச்சியில் ஒரு சிறு துளை மட்டும் எஞ்சும்படி மூடினார். அந்தத் துளையும் இல்லாவிட்டால், உள்ளே சூடாகும் நீராவி வெளியேற வழியின்றிக் கலம் சூளையிலேயே வெடித்துவிடக்கூடும்.

மூடுவதற்கு முன் இன்னொன்றும் செய்தார். களிமண் துண்டொன்றைக் காகிதத்தில் சுற்றி உள்ளே போட்டார். ஈரச் சுவரில் அது ஒட்டிக்கொள்ளாமல் காகிதம் காக்கும். சூளைத் தீயில் காகிதம் எரிந்துபோக, சுட்ட துண்டு மட்டும் உள்ளே தனித்து உருளும். கலத்தைக் கையிலெடுத்துச் சாய்த்தால் கிலுகிலுப்பைபோல் ஒலிக்கும். தற்செயலாக உள்ளே விழுந்த மண்துண்டொன்றிலிருந்து இந்த வழக்கம் பிறந்தது என்பார்கள். தற்செயலைத் தன் முறையாக மாற்றிக்கொண்டது அவருடைய முடிவு.

தகாய்சு 1922இல் ஹவாயின் பெபேகேயோ என்னும் ஊரில் பிறந்தார். ஒகினாவாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பதினொரு பிள்ளைகள், இவர் ஆறாவது. 1940இல் ஹொனலுலுவுக்கு வேலை தேடிப் போனார். கிடைத்தது ஒரு குடும்பத்தில் வீட்டு வேலை. அந்தக் குடும்பம் நடத்திய மட்பாண்டப் பட்டறையில் களிமண்ணை அச்சில் அழுத்தி ஒரேமாதிரிப் பொருள்களைச் செய்யும் வேலையும் சேர்ந்துகொண்டது. மண் அவர் கைக்குக் கலையாக வரவில்லை, கூலி வேலையாகவே வந்தது. பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1951இல் மிச்சிகனிலுள்ள கிரான்புரூக் கலைக்கூடத்திற்குச் சென்றார். அங்கே மட்பாண்டத் துறைக்குத் தலைமை வகித்தவர் மாயா குரோட்டெல் என்ற பெண்மணி, 1927இல் பின்லாந்திலிருந்து அமெரிக்காவுக்கு வந்தவர். குடியேறிய ஒரு பெண்ணிடமிருந்து குடியேறியவர்களின் மகள் கற்றுக்கொண்டாள் என்பதைக் கலை வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாக நாம் கடந்துவிடக் கூடாது.

1967இல் தகாய்சு பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அப்பல்கலைக்கழகம் இளங்கலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1969இல்தான். மாணவிகளுக்குக் கதவு திறக்கும் முன்பே, ஆண் மாணவர்களுக்கு ஒரு பெண் மண் பிசையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1992வரை அங்கே இருந்தார்.

நியூ ஜெர்சியில் அவருடைய வீட்டில் தோட்டம், அடுக்களை, சூளை மூன்றும் ஒரே நாளின் வேலைகளாக இருந்தன. தங்கிப் பயிலும் மாணவர்களுக்கும் அப்படியே. காய்கறி வளர்ப்பதையும் சமைப்பதையும் கலம் வனைவதையும் அவர் தனித்தனியாகப் பார்க்கவில்லை. இதைக் கேட்டதும் நமக்கு ஒரு தயக்கம் வரலாம். அடுக்களையைப் புகழ்ந்து பெண்ணை அங்கேயே நிறுத்திவைக்கும் பேச்சு நமக்குப் பழகியதுதானே? ஆனால், ஹொனலுலுவில் பிறர் வீட்டில் சமைத்த இருபது வயதுப் பெண்ணுக்கும், தன் வீட்டில் தன் தோட்டத்துக் காயைச் சமைத்த கலைஞருக்கும் இடையே தூரம் அதிகம். வேலை அதேதான். நேரமும் இடமும் யாருடையவை என்பது மாறியிருந்தது.

ஹவாயின் எரிமலை அவர் கலைக்குள் வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். 1959இல் கிலவேயா இக்கி வெடித்தபோது, பொழிந்த எரிமலைத் துகள்களில் ஒரு காடு புதைந்தது. இலையும் பட்டையும் இழந்த அடிமரங்கள் மட்டும் நின்றன. அந்தக் காட்டின் நினைவாக 1980களில் அவர் நெடிய மண் மரங்களைச் செய்து தோப்புபோல் நிறுத்தினார். இரண்டு அரைக்கோளங்களை ஒட்டி நிலவுகள் செய்தார்; அவற்றை வலைத் தூளிகளில் கிடத்தினார். கையடக்கமாகத் தொடங்கிய மூடிய கலங்கள் பின்னாளில் ஆளுயரம் வளர்ந்தன. வெண்கல மணிகளும் செய்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்த பழைய மாணவர்களுக்காகப் பிரின்ஸ்டன் அமைத்த நினைவுத் தோட்டத்தில் அவருடைய மணி ஒன்று தொங்குகிறது.

மூடிய கலத்தைக் கருப்பை என்று வாசிப்பது எளிது. பெண் படைத்த எதையும் தாய்மைக்குள் அடக்கிவிடும் வாசிப்பு அது. எனக்கு அது அப்படித் தோன்றவில்லை. தன் கலத்தில் முக்கியமானது கண்ணுக்குத் தெரியாத அந்த உள்ளிருள்தான் என்றார் தகாய்சு. பயன்படவே படைக்கப்பட்டதாகக் கருதப்படும் ஒரு பொருள், யாருக்கும் எதையும் ஏந்தித் தராமல் தனக்கென்று ஓர் அறையை வைத்துக்கொள்கிறது. அதற்குள்ளிருந்து பேசவும் செய்கிறது.

அந்தப் பேச்சு இன்று நமக்கு எளிதில் கேட்பதில்லை. 2011இல் அவர் மறைந்தார். அருங்காட்சியகத்தில் தொட அனுமதியில்லை. யாரும் தூக்கிச் சாய்க்காத கலம் ஊமையாகவே நிற்கும். பாதுகாப்பதற்கு அந்த விதி தேவைதான். ஆனால் அதற்கு நாம் கொடுக்கும் விலை, படைப்பில் பாதி. 2024இல் நியூயார்க்கின் நோகுச்சி அருங்காட்சியகம் அவருக்குப் பெருங்கண்காட்சி நடத்தியபோது, அதை ஒருங்கிணைத்தவர்களில் ஒருவராக லெய்லெஹுவா லன்சிலோட்டி என்னும் ஹவாய் இசையமைப்பாளர் இருந்தார். ஒலியையும் படைப்பின் பகுதியாகக் கொள்ள அங்கே முயன்றார்கள்.

பெண்களின் பெயர்களை அருங்காட்சியகச் சுவரில் சேர்க்கப் பல தலைமுறை போராடியிருக்கிறோம். சேர்த்தபின் செய்ய வேண்டிய வேலையைத் தகாய்சுவின் கலங்கள் நினைவூட்டுகின்றன. பார்த்ததோடு நகர்ந்துவிடாமல், உள்ளே என்ன உருள்கிறது என்று காது கொடுக்க வேண்டும்.