ஸ்பைஸ் செய்நிரலும் திரான்சிற்றர்ப் பரமானங்களும்

மின்சுற்றொன்றைக் கணனிக்கு எழுத்தால் விவரித்துக் கொடுப்பது சுற்றுப்பட்டியல். அதில் திரான்சிற்றர் ஒன்றுக்கு இரு வரிகள் அமைகின்றன. சேகரிப்பான், அடி, காலி என்னும் மூன்று முனைகளும் எக்கணுக்களில் இணைகின்றன என்பதை ஒரு வரி கூறும். அத்திரான்சிற்றரின் இயல்பை மற்றையது சில எண்களால் உரைக்கும். பரமானங்கள் எனப்படும் அவ்வெண்களை மாணவர் பலர் பொருள் நோக்காது பிரதி செய்வர். அவை குறைகடத்திப் பௌதிகம் கடந்து வந்த பாதையின் சுவடுகளாகும். அப்பாதையை அறியாதார், எண்ணொன்று விடுபட்டால் நேரும் விளைவையும் அறியார்.

1947 இன் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் தோன்றிற்று. சந்தியொன்றினூடான மின்னோட்டம் வோல்ற்றளவோடு அடுக்குக்குறி முறையில் வளர்வதை 1949 இல் வில்லியம் சொக்லி விளக்கினார். ஐ.எஸ். எனக் குறிக்கப்படும் நிரம்பல் மின்னோட்டம் அவ்விளக்கத்தின் வழிவந்தது. சேகரிப்பான் வோல்ற்றளவு உயர, அடியின் பயன்படு அகலம் சுருங்கி மின்னோட்டம் கூடுவதை 1952 இல் ஜேம்ஸ் ஏர்லி காட்டினார்; அவர் பெயரால் வழங்கும் வோல்ற்றளவே வீ.ஏ.எவ். என்னும் பரமானம். 1954 இல் ஏபர்சும் மோலும் திரான்சிற்றரின் தொழிற்பாட்டைச் சமன்பாடுகளில் அடக்கினர். 1970 இல் கும்மெலும் பூனும், அடியிலுள்ள ஏற்றத்தை அடிப்படையாகக் கொண்டு, ஏர்லி விளைவையும் உயர் மின்னோட்டத்தில் நயம் வீழ்வதையும் ஒரே மாதிரியுருவில் இணைத்தனர்.

அக்காலத்தில் மற்றொரு தேவையும் எழுந்தது. தனித்தனி உறுப்புகளாலான சுற்றை மேசையில் அமைத்துச் சோதிக்கலாம். ஒரே சிலிக்கன் துண்டில் அமையும் ஒருங்கிணைந்த சுற்றை அவ்வாறு முன்கூட்டிச் சோதித்தல் அரிது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் றொனால்ட் றோரர் நடாத்திய வகுப்பிலிருந்து 'கான்சர்' என்னும் செய்நிரல் பிறந்தது. அப்பெயரின் விரிவில் 'கதிர்வீச்சு நீங்கலாக' என்ற தொடரும் உண்டு. அன்றைய சுற்றாய்வுச் செய்நிரல்கள் பல, பாதுகாப்புத் துறையின் பணத்தில், கதிர்வீச்சின் தாக்கத்தை மதிப்பிட எழுந்தவை; அவ்வழியில் தாம் செல்லவில்லை என்பதையே அத்தொடர் உணர்த்திற்று. லோறன்ஸ் நாகல், டொனால்ட் பீடர்சனின் வழிகாட்டலில் அப்பணியைத் தொடர்ந்தார். 1973 இல் ஸ்பைஸ் வெளிவந்தது. 1975 இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பீடர்சன் அதனைத் தடையின்றி வழங்கியமையால், ஒரு வளாகத்தின் ஆக்கம் பொறியியலாளரின் பொதுமொழியாயிற்று.

இச்செய்நிரலின் இயல்பொன்று ஆழ்ந்து நோக்கத்தக்கது. தரப்படாத பரமானத்துக்கு அது தானே ஒரு பெறுமானத்தைக் கொள்கிறது. முன்முக மின்னோட்ட நயமாகிய பீ.எவ். 100 ஆகவும், ஐ.எஸ். 10⁻¹⁶ அம்பியராகவும் கொள்ளப்படும். ஏர்லி வோல்ற்றளவு முடிவிலியாகும். சந்திக் கொள்ளளவங்கள் பூச்சியமாகும். கும்மெல்–பூன் மாதிரியுருவுக்குரிய எண்களை விடுத்தால், அது ஏபர்ஸ்–மோல் மாதிரியுருவாகச் சுருங்கும். எழுதுபவர் தம்மை அறியாமலே 1970 இலிருந்து 1954 க்குத் திரும்புகிறார். வீ.ஏ.எவ். விடுபட்டால் ஏர்லி கண்ட உண்மையும் மறைகிறது. அதன் பெறுமானம் 100 வோல்ற்றாயின், இலட்சிய மின்னோட்ட முதலைச் சுமையாகக் கொண்ட பொதுக்காலி விரியலாக்கி ஒன்றின் நயம், 100 வோல்ற்றை 25 மில்லிவோல்ற்றால் வகுக்க, ஏறத்தாழ 4000 ஆகும். அவ்வெண் இல்லையேல் கணிப்பில் நயத்துக்கு எல்லையே இல்லை. கொள்ளளவங்களும் கடப்பு நேரமும் பூச்சியமாயின், திரான்சிற்றர் எம்மீடிறனிலும் தாமதமின்றித் தொழிற்படும். கணனி இதனைப் பிழையெனச் சுட்டாது.

தரப்பட்ட எண்ணிலும் அவதானம் வேண்டும். பீ.எவ். என்பது இலட்சிய உச்ச நயம். அளந்து பெறும் நயம் மின்னோட்டத்தோடு மாறும். மேலும் பீ.சீ. 107 என்னும் ஒரே வகைத் திரான்சிற்றரின் நயம் 110 முதல் 450 வரை அமையலாம். பட்டியலிலுள்ள ஓர் எண் அவ்வகையின் பிரதிநிதியேயன்றி, கையிலுள்ள உறுப்பின் அளவன்று. ஆதலின் ஒவ்வொரு பரமானமும் எவ்வாய்வில் தோன்றிற்று, எவ்வெல்லைக்குள் செல்லும் என வினவிய பின்னரே கணனியின் விடையை ஏற்றல் தகும்.