தொண்டை நோயும் மருத்துவன் கையும்

குழந்தைகளின் தொண்டை வீக்கத்திற்கு அரபியர் ‘உத்ரா’ என்று பெயரிட்டிருந்தனர். நபி (ஸல்) அவர்கள் காலத்து மதீனாவில் அதற்கு வழங்கிய சிகிச்சை, விரலை உள்ளே விட்டு வீங்கிய இடத்தை அழுத்துவது. அவ்வாறு அழுத்தப்பட்ட தம் மகனோடு உம்மு கைஸ் பின்த் மிஹ்ஸன் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வந்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. பிள்ளைகளை இப்படி வருத்துவதைக் கண்டித்த நபியவர்கள், ‘ஊதுல் ஹிந்தீ’யை மூக்கில் இடுமாறு கூறினார்கள். காஷ்மீரத்து மலைச்சரிவுகளில் விளையும் ஒரு செடியின் வேர் இது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் கோஷ்டம் என்று கேட்டால் கிடைக்கும்.

இந்த ஹதீஸை எடுத்துரைப்போர் பெரும்பாலும் வேரின் பெருமையையே பேசுகின்றனர். நோயுற்ற தொண்டையிலிருந்து கையை விலக்கச் சொன்ன முற்பகுதி அதற்குக் குறைந்ததன்று.

ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின் குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகள் கொண்ட ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் இறுதிப் பகுதியில் உள்நாக்குச் சதை அறுவையை விவரிக்கிறார். நோயாளியைச் சூரியனுக்கு எதிரே அமர்த்தி, வெள்ளியாலோ செம்பாலோ ஆன மெல்லிய தகட்டால் நாக்கை அழுத்திப் பார்க்க வேண்டும். வீக்கம் சிவந்து, அடி அகன்றிருந்தால் இரும்பு அதைத் தீண்டலாகாது; இரத்தம் பெருகிவிடும். வெளுத்து, உருண்டு, அடி மெலிந்ததையே கொக்கியால் இழுத்து அறுக்கலாம். அதற்கும் முன்னர் அழற்சி தணிந்திருக்க வேண்டும். இன்றும் தொண்டை நோவில் பிரித்தறிதலே முதற்பணி. பெரும்பாலானவை வைரஸால் வந்து தாமே தணிவன. அவற்றுக்கு ஆன்டிபயாடிக் பயன் தராது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வருவதைக் கவனியாது விட்டாலோ, சிலருக்கு வாதக் காய்ச்சலாகி இதய வால்வுகளைக் கெடுத்துவிடும்.

வீக்கம் மூச்சையே அடைக்கும்போது மூச்சுக்குழாயைத் திறக்கலாம் என்று பண்டையோர் எழுதியிருந்தனர். தம் நாட்டில் அதைச் செய்தார் எவரையும் ஸஹ்ராவீ கண்டதில்லை. ஆயினும் கத்தியால் தன் தொண்டையை அறுத்துக்கொண்ட ஓர் அடிமைப்பெண்ணின் காயத்தைத் தைத்து அவர் பிழைக்கவைத்தார். குரல் மட்டும் கரகரத்தது. அங்குக் கீறுவதால் உயிர் போகாது என்று அதிலிருந்து முடிவுசெய்தார். 1162இல் மறைந்த இஷ்பீலிய்யாவின் இப்னு ஸுஹ்ர் அவ்வளவில் நிற்கவில்லை. ஓர் ஆட்டின் மூச்சுக்குழாயைக் கீறி, தேன் கலந்த நீரால் புண்ணைக் கழுவி வந்தார். புண் ஆறி அந்த ஆடு நெடுநாள் வாழ்ந்தது.