பூஞ்சையும் இல்லை, விலங்கும் இல்லை: ரைனோஸ்போரிடியம் எந்தக் குடும்பம்?

விடுமுறைக்குச் சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் தாத்தா பாட்டி வீட்டுக்குப் போனால் கண்மாயில் குதிக்க ஆசை வரும். அதற்குமுன் ஒரு பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்: ரைனோஸ்போரிடியம் சீபெரி.

அது என்ன செய்யும்?

மூக்கினுள் சிவந்த சதை வளரும். அதன்மேல் வெள்ளைப் புள்ளிகள். பார்க்க ஸ்ட்ராபெரி மாதிரியே இருக்கும். தொட்டால் ரத்தம் கசியும். சிலருக்குக் கண்ணிலும் வரலாம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும்தான் இந்த நோய் அதிகம். தேங்கிய நன்னீரில் குளிப்பதோடு தொடர்புடையது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகத் தெரியவில்லை.

ஏன் இவ்வளவு குழப்பம்?

1900இல் அர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் இதை விவரித்தபோது, ஓரணு ஒட்டுண்ணி என்று நினைத்தார். 1923இல் ஆஷ்வொர்த், பூஞ்சை என்றார். அந்தக் கருத்தே பல ஆண்டுகள் நிலைத்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால், அது வளரவே மறுத்தது!

1999இல் மரபணு பதில் சொன்னது. இலங்கை ஆய்வாளரும் இடம்பெற்ற அனைத்துலகக் குழு அதன் ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டது. பூஞ்சை இல்லை, விலங்குகளின் தூரத்து உறவு!

குடும்பத்தில் வேறு யார்?

விலங்குகளும் அவற்றின் நெருங்கிய ஓரணு உறவுகளும் சேர்ந்த கூட்டத்துக்கு ஹோலோசோவா என்று பெயர். நீங்களும் அதில்தான் இருக்கிறீர்கள்.

• கோவானோஃபிளாஜெல்லேட்: நமக்கு மிக நெருக்கம். சவுக்கு போன்ற ஓர் இழை, அதைச் சுற்றிக் கழுத்துப்பட்டை. கடற்பஞ்சின் சில உயிரணுக்களும் கிட்டத்தட்ட இதே அச்சு.

• ஃபிலாஸ்டீரியா: உடலிலிருந்து மெல்லிய நூல்போன்ற நீட்சிகள் இருக்கும்.

• இக்தியோஸ்போரியா: பல, விலங்குகளின் உடலில் வாழ்பவை. கிரேக்க மொழியில் 'இக்திஸ்' என்றால் மீன். இவற்றில் பல மீன்களைத் தாக்கும். ரைனோஸ்போரிடியத்தின் இடம் இதுதான்.

பெயர் மாறினால் என்ன லாபம்?

பூஞ்சை மருந்துகள் இதற்குச் சரிவரக் கைகொடுக்காதது ஏன் என்பது புரிகிறது. அறுவைச் சிகிச்சையில் சதையை அகற்றி, அடிப்பகுதியைச் சுட்டுவிடுவதே முக்கிய வழி. அப்படியும் சிலருக்குத் திரும்ப வரும்.

அப்போ நீச்சல் குளத்தில் நீந்தலாமா?

தாராளமாக. குளோரின் கலந்த நீச்சல் குளத்தைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஆனால் ஊரிலிருந்து திரும்பியபின், மாதங்கள் கழித்தாவது, ஒரு பக்க மூக்கு அடைத்தாலோ ரத்தம் கசிந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். குளத்தில் குளித்ததையும் மறக்காமல் சொல்லிடுங்க.