பை சுமந்தவர்களும் மைதானமும்: அமெரிக்க கோல்ஃபில் ‘பங்கேற்பு’ குறித்து

அமெரிக்க கோல்ஃபில் கறுப்பினத்தவர் பெருகிவருவதைப் பேசுவோர், அவர்களுக்கு இப்போதுதான் இந்த ஆட்டத்தில் நாட்டம் பிறந்ததுபோலப் பேசுகிறார்கள். வரலாறு வேறு. 1896இல் ஷின்னகாக் ஹில்ஸில் நடந்த அமெரிக்க ஓப்பனிலேயே கறுப்பினத்தவரான ஜான் ஷிப்பன் ஆடினார். பந்தை ஏற்றிவைக்கும் மர ‘டீ’ ஒன்றுக்கு 1899இல் காப்புரிமை பெற்ற ஜார்ஜ் கிராண்ட், ஒரு கறுப்பினப் பல் மருத்துவர். இவர்களைத் தவிர, பை சுமக்கும் கேடிகளாக ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் மைதானத்தில் இருந்தார்கள். ஆட்டத்தை நன்கு அறிந்தவர்களுக்கே அங்கே ஆட இடமில்லை.

ஆக, தடையாக இருந்தது விதியே. தொழில்முறை கோல்ஃப் வீரர்களின் பிஜிஏ அமைப்பு வெள்ளையருக்கு மட்டுமே உறுப்புரிமை என்று 1934இல் எழுதிவைத்த விதியை 1961இல்தான் நீக்கியது. கேடியாகத் தொடங்கிய சார்லி சிஃபோர்ட் அவ்வாண்டு சுற்றுப்போட்டிகளுக்குள் நுழைந்தபோது வயது 39. ஒரு விளையாட்டு வீரனின் நல்ல காலம் அதற்குள் கழிந்துவிட்டிருக்கும்.

விதி மட்டும் போதுமான விளக்கமல்ல. நிலம் யாரிடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய பில் பவல் என்ற கறுப்பினத்தவருக்குப் படைவீரர் கடனும் கிடைக்கவில்லை, ஆட மைதானமும் கிடைக்கவில்லை. இரு கறுப்பின மருத்துவர்களின் முதலீட்டையும் சகோதரர் தந்த பணத்தையும் கொண்டு ஒஹாயோவின் ஈஸ்ட் கேன்டனில் ஒரு பால்பண்ணையை வாங்கினார். இரவில் காவல் வேலை, பகலில் கல் பொறுக்கிப் புல் விதைப்பது. 1948இல் ஒன்பது குழிகளோடு அவருடைய கிளியர்வியூ மைதானம் திறந்தது. பதினெட்டாக வளர்வதற்கு 1978 ஆயிற்று.

விதிகள் தளர்ந்த அதே காலத்தில் ஆட்டக்காரர்களையும் பைகளையும் ஏற்றிச்செல்லும் கோல்ஃப் மின்வண்டி பரவி, கேடி வேலை அருகியது. முன்வாசல் திறந்தது, ஏழைச் சிறுவர்கள் நுழைந்துவந்த பின்வாசல் அடைபட்டது. 1997 மாஸ்டர்ஸை டைகர் உட்ஸ் 12 ஸ்ட்ரோக் (பந்தடி) வித்தியாசத்தில் வென்ற பிறகும் தொழில்முறைக் களத்தில் கறுப்பினத்தவர் அரிதாகவே இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பேன். உட்ஸ் பழகியதே தந்தையின் இராணுவப் பணியால் கிடைத்த கடற்படை மைதானத்திலும், லாங் பீச்சின் ஹார்ட்வெல் பொது மைதானத்திலும்தானே!

கறுப்பினத்தவர் நிலை இப்படியிருக்க, பெண்கள் விஷயத்தில் மாற்றம் கண்கூடு. 2000இல் இளம் ஆட்டக்காரர்களில் சுமார் 15 விழுக்காடாக இருந்த சிறுமியர் இன்று மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டனர். ஆனால் எண்ணிக்கையை எங்கே எடுக்கிறோம் என்பதும் முக்கியம். 2022இல், பயிற்சிக் கூடங்களிலும் கேளிக்கை மையங்களிலும் பந்தடித்தோர் தொகை, புல்வெளியில் ஆடியோர் தொகையை முதன்முறையாக மிஞ்சியது. முதல் கூட்டத்தையும் ‘பங்கேற்பில்’ சேர்த்துவிட்டால் பொது மைதானங்களின் கட்டணமும் நிலமும் பேச்சிலிருந்து நழுவிவிடும்.

பவலின் மகள் ரெனீ 1967இல் பெண்களுக்கான எல்பிஜிஏ தொழில்முறைச் சுற்றுக்குள் நுழைந்தார். பின்னர் கிளியர்வியூவுக்கே திரும்பிவந்து, முன்னாள் படைவீராங்கனைகளுக்கு அங்கே கட்டணமின்றிக் கோல்ஃப் கற்றுத்தரத் தொடங்கினார்.