சத்தம் எட்டுது, பேச்சு புரியுதா? மைக் செட்டின் கதை

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்னைக்கு சாயங்காலம் ஆறு மணி. கொடிமரத்துக்கு முன்னாடி அர்த்தநாரீஸ்வரர் சில நிமிஷம் மட்டும் காட்சி தருவார். அதே நேரத்துல 2,668 அடி மலை உச்சியில மகாதீபம் ஏறும். கோயிலைச் சுத்தியும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் லட்சக்கணக்குல ஜனங்க. தீபம் எல்லாருக்கும் ஒரே நேரத்துல தெரிஞ்சிடும். ஆனா, ‘மஞ்சள் சட்டை போட்ட குழந்தையைக் காணோம்’னு ஒரு அறிவிப்பு? அது காதுல விழுந்தா மட்டும் போதாது, புரியணும். இன்னைக்கு நாம பேசப்போறது அந்த அறிவிப்பைச் சுமக்கிற மைக் செட்டோட வரலாறு.

மைக் இல்லாத காலத்துல என்ன செஞ்சாங்க? இந்த வட்டாரம் தெருக்கூத்துக்குப் பேர்போனது. விடிய விடிய திறந்தவெளியில ஆட்டம். அதுல ஒலிக்கிற முகவீணை, நாதஸ்வரத்தைச் சின்னதாக்கின மாதிரி, கூர்மையான சத்தம். நம்ம காது ரொம்ப நல்லா கேட்கிறது சுமார் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை. கணக்குத் தெரியாமலே அந்தப் பகுதிக்கு ஏத்த கருவியைக் கூத்து வச்சிருந்திருக்கு. நாடக மேடையில எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் உச்ச ஸ்தாயியில பாடினதையும் இதோட சேர்த்துப் பார்க்கலாம். கடைசி வரிசைக்கு எட்டணும், அவ்வளவுதான்.

1915 டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோவில பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் ஒலிபெருக்கியால ஒரு பெருங்கூட்டத்தையே கேட்க வச்சாங்க. நம்ம நாட்டுல மோட்வானி குடும்பத்தோட ‘சிகாகோ ரேடியோ’ மைக்குகள் காங்கிரஸ் கூட்டங்களுக்கு வந்துச்சு. பிறகு திருவிழா, கல்யாணம், கட்சிக் கூட்டம்னு எல்லாத்துக்கும் குழாய் ஸ்பீக்கர்.

அந்தக் குழாயைக் கொஞ்சம் கவனிக்கணும். கொஞ்சம் வாட்ஸ் கொடுத்தாலே ரொம்ப தூரம் போகும். அடித்தொனி அதுல வராது, நடுத்தொனிதான் வரும். என் பார்வையில முகவீணை செஞ்ச வேலையைத்தான் குழாயும் செஞ்சது.

அப்புறம் பெரிய பாக்ஸ் வந்தது, பாஸ் வந்தது. அங்கதான் சிக்கல். பேச்சுல சத்தத்தைச் சுமக்கிறது உயிரெழுத்து. ‘பட்டை’, ‘கட்டை’, ‘தட்டை’ இதையெல்லாம் பிரிச்சுக் காட்டுறது மெய்யோட மேல்தொனி. பாஸைக் கூட்டினா சத்தம் பெருசாகும், மெய் அமுங்கிப்போகும்.

இதைச் சரிசெய்யத்தான் ஈக்வலைசர். அந்தப் பேரே தொலைபேசியிலிருந்து வந்தது. நீளமான கம்பியில மேல்தொனி அதிகமா தேயும். அதைச் சமன் செய்யப் போட்ட சுற்றுதான் ஈக்வலைசர். 1960-கள்ல டெக்சாஸ்ல சி.பி. போனர், மைக் எந்தெந்தத் தொனியில ஊளையிடுதோ அதை மட்டும் கண்டுபிடிச்சு, மெல்லிசாக் குறைச்சார். முதல்ல குறை, அப்புறம் வேணும்னா கூட்டு. 31 பட்டை ஈக்வலைசர் வச்சு வேலை செய்றவங்களுக்கு இன்னைக்கும் அதுதான் பாடம்.

ஆனா ஈக்வலைசரால முடியாத வேலை ஒண்ணு இருக்கு. ஒலி ஒரு நொடியில சுமார் 340 மீட்டர்தான் போகும். பக்கத்துக் கம்பத்து ஸ்பீக்கர் பேசி முடிச்ச பிறகு, 100 மீட்டர் தள்ளி இருக்கிற ஸ்பீக்கரோட அதே சொல் கிட்டத்தட்ட 0.3 நொடி தாமதமா வரும். ரெண்டும் மோதும். சத்தத்தை உறிஞ்சாத கல் பிராகாரத்துல இன்னும் மோசம். 1949-ல ஜெர்மனியில ஹெல்முட் ஹாஸ், ரெண்டாவது ஒலி ஏறக்குறைய 30 மில்லி நொடிக்குள்ள வந்தா காது அதை ஒரே குரலாத்தான் எடுத்துக்கும்னு காட்டினார். 1950-களோட தொடக்கத்துல லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலயத்துல, தூரத்து ஸ்பீக்கருக்குப் போற பேச்சை வேணும்னே தாமதப்படுத்தி அனுப்பினாங்க. அதுவும் கல் கட்டடம்தான். சத்தத்தைக் கூட்டாமலே பேச்சு தெளிவாச்சு. இன்னைக்கு அந்தத் தாமதம் டிஜிட்டல் மிக்ஸர்ல ஒரு பட்டன்.

அதனால, ‘இன்னும் நாலு ஸ்பீக்கர் கட்டு’ங்கிறது பல நேரம் தப்பான பதில். கூட்டம் நெருக்கும்போது ‘இந்தப் பக்கம் வராதீங்க’ங்கிற வரியில ‘வராதீங்க’ கலங்கி, ‘வாங்க’ன்னு விழுந்தா என்ன ஆகும்?

1920-கள்ல பெல் ஆய்வகத்துல ஹார்வி பிளெட்சர் குழு, அர்த்தமில்லாத அசைகளை ஒருத்தர் வாசிக்க, இன்னொருத்தர் எழுத, எத்தனை சரின்னு எண்ணிப் பார்த்தாங்க. அதை நம்ம ஊர் விழாக் கமிட்டியும் செய்யலாம். மேடையில நின்னு ‘மைக் டெஸ்ட், ஒன், டூ, த்ரீ’ சொல்றதுக்குப் பதிலா, கடைசிக் கம்பத்துக்குக் கீழ ஒருத்தரை நோட்டோட நிறுத்துங்க. மேடையிலிருந்து பத்து ஊர் பேர் வாசிங்க. எட்டுக்குக் கீழ சரியா வந்தா, ஆம்பிளிபயரைத் தொடாதீங்க. ஸ்பீக்கரோட இடத்தையும் திசையையும் மாத்துங்க.