கடன் கேட்கும் நகரமும் கணக்குக் கேட்கும் மக்களும்

தனிமனிதன் கடன்படுங்கால் கையொப்பமிடுபவனும் அவனே. கட்டித் தீர்ப்பவனும் அவனே. நகரமொன்று கடன்படும்போதோ கையொப்பமிடுவோர் சிலர், தீர்ப்போர் பலர். அவர்களுட் சிலர் இன்னும் பிறவாதவராகவும் இருத்தல் கூடும். இச்சிக்கலுக்கு ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் கண்ட வழி சிந்தித்தற்குரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நகரங்கள் பல, புகையிரதப் பாதை தம்மூருக்கு வரவேண்டுமென்னும் ஆவலாற் கடன்பத்திரங்களை வெளியிட்டன. சில ஊர்களுக்குப் பாதை வரவில்லை. கடன் மட்டும் நின்றது. 1873ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி அவற்றின் துயரை மிகுவித்தது. மாநிலங்கள் பல நகரக் கடனுக்கு வரம்பு வகுக்கலாயின. கலிபோர்ணியா 1879இல் ஏற்ற அரசியல் யாப்பு, ஓராண்டு வருமானத்தை மீறி நகரமொன்று கடன்பட வேண்டுமாயின், வாக்களிப்போரில் மூன்றிலிரண்டு பங்கினர் இசைதல் வேண்டுமென விதித்தது. வட்டியையும் முதலையும் தீர்ப்பதற்கான வரிக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்தல் வேண்டுமென்றும் கட்டளையிட்டது.

மக்கள் இசைவு கோரிய கடன்களுட் புகழ்பெற்றது சன் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கான 35 மில்லியன் டொலர்க் கடனாகும். 1930இல் வாக்களித்தோரில் நால்வருக்கு மூவர் என்னும் அளவினர், தம் வீடுகளையும் பண்ணைகளையும் ஈடாக வைக்க இசைந்தனர். கடன் 1971இல் முற்றாகத் தீர்ந்தபோது, வட்டியாக மட்டும் ஏறக்குறைய 39 மில்லியன் டொலர் கொடுபட்டிருந்தது. சுங்கப் பணமே அனைத்தையும் தீர்த்தது. எனினும், முதலினும் வட்டி விஞ்சியமை கருதத்தக்கது. வாக்குக் கேட்போர் பாலத்தின் பயனைச் சொன்னாற் போதாது. அதன் முழு விலையையுஞ் சொல்லுதல் வேண்டும்.

பிற்காலச் சட்டங்கள் இதனையே வற்புறுத்தின. கடனால் ஏறக்கூடிய வரிவீதத்தையும், வட்டியோடு சேர்த்துத் தீர்க்கவேண்டிய மொத்தத் தொகையின் மதிப்பீட்டையும் காட்டும் அறிக்கை வாக்காளருக்கு அனுப்பப்படுகின்றது. இன்னொரு கேள்வியும் எழுந்தது. பொதுப்பணத்தைச் செலவிட்டு, "ஆம் என வாக்களியுங்கள்" என அரசாங்கமே பிரசாரஞ் செய்யலாமா? 1974இல் நிகழ்ந்த பூங்காக் கடன் வாக்கெடுப்பையொட்டி எழுந்த வழக்கில், அம்மாநில உயர்மன்று 1976இல் தீர்ப்பளித்தது. உண்மைகளை நடுநிலையோடு எடுத்துரைக்கலாம்; தெளிவான சட்ட அதிகாரமின்றிப் பொதுப்பணத்தால் ஒரு பக்கஞ் சாரலாகாது என்பதே அதன் சாரம்.

2000ஆம் ஆண்டில், பாடசாலைக் கட்டடக் கடன்களுக்கு வேண்டிய இசைவு 55 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. ஆயின், வேலைகளின் பட்டியல், ஆண்டுக் கணக்காய்வு, குடிமக்கள் மேற்பார்வைக் குழு ஆகியன நிபந்தனைகளாயின. இசைவின் அளவு குறைந்தவிடத்துக் கணக்குக் காட்டும் கடமை கூடியது. வாக்கைப் பெறுதல் எளிதாயினும், விலையை மறைத்துப் பெற்ற வாக்கு இசைவாகாது.